தூக்கனின் இடது கால்

இராஜாக்கமங்கலம்
18 ஜனவரி 2024

கொச்சு மக்கா,

கர்த்தர் புண்ணியத்தில் நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். நீ சுகமாக இருக்கிறாயா? ஹைதராபாத்தில் இப்போது நல்ல குளிர் என்று அத்தான் சொன்னார். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. சின்ன வயதில் காதுவலி வந்தால் நீ அழுது தெருவையே கூட்டிவிடுவாய்.

நான் போனில் பேசுவதில்லை என்று உனக்கு வருத்தம் இருக்கும். நீ கூப்பிடும்போது அத்தான் போனை என்னிடம் நீட்டுவார். நான் அடுக்களைக்குள் போய்விடுவேன். செப்டம்பரில் அந்தச் செய்தி போனில்தான் வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் குறைந்திருக்கிறது, போய் மாற்றுத்துணி எடுத்து வா என்று அத்தான்தான் என்னை ஆசுபத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பினார். கஞ்சியைப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தேன். போனில் அவர் ஒரு வார்த்தைதான் சொன்னார். அதன்பிறகு அந்தச் சாமானைக் காதில் வைக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, பிழை இருந்தால் சிரிக்காதே.

கிறிஸ்துமசுக்கு வாசலில் நட்சத்திரம் கட்டவில்லை. துக்க வீட்டில் அந்த வருஷம் கட்டமாட்டோம் அல்லவா. பிரீனா பக்கத்து வீட்டு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நமக்கு ஏன் இல்லை என்று கேட்கவில்லை. அதுதான் எனக்கு விசனம். பதினோரு வயதுப் பிள்ளை எதையுமே கேட்பதில்லை. பள்ளிக்கூடம் போகிறாள், வருகிறாள், தின்கிறாள். தன் தம்பி பெயரை அவள் சொல்வதில்லை. அத்தானும் சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை.

கயிறு திரிக்கிற வேலைக்குத் திரும்பிவிட்டேன். பழையபடி இடுப்பில் தேங்காய் நார்த் தும்பைக் கட்டிக்கொண்டு, சுற்றுகிற ராட்டில் இருந்து கயிற்றை நீட்டியபடி பின்னோக்கி நடக்கிறேன். என்னோடு நிற்கும் லீலாபாய் அக்கா, உன் தம்பிக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டாள். படம் போடுகிறான் என்றேன். "சினிமாவா, கார்ட்டூனா?" என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீயே எழுது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
ஸ்மைலின்


ஹைதராபாத்
11 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்கா,

நான் நல்ல சுகம். காதை மூடிக்கொண்டுதான் போகிறேன். உனக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? அத்தானும் பிரீனாவும் சுகம்தானே?

உன் எழுத்தைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. நான்கு தடவை படித்தேன்.

லீலாபாய் அக்காவிடம் கார்ட்டூன் சினிமா என்று சொல். சின்னப் பிள்ளைகளோடு வீட்டில் எல்லோரும் போய்ப் பார்க்கிற படம். ஒரு பெண்பிள்ளை பழைய சாமான்களைப் பொறுக்கித் தனக்கு ஒரு ரோபோ செய்கிறாள். அதற்குத் தலை ஒரு தூக்குப்பாத்திரம். அதனால் தூக்கன் என்று பெயர். அவளும் அவள் கூட்டுக்காரப் பிள்ளைகளும் தூக்கனும் சேர்ந்து சுற்றுவதுதான் கதை. இருநூறு பேர் வேலை செய்கிறோம். ஒருவர் முகம், ஒருவர் முடி, ஒருவர் மழை. நான் நடக்கவைக்கிறவன். அதுதான் கடினம். பார்க்கிறவர்கள் எல்லோருமே நடக்கத் தெரிந்தவர்கள், கொஞ்சம் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அக்கா, ஒன்று கேட்கட்டுமா? டிட்டு சர்ச் படியில் இறங்கும்போது எப்படி இறங்குவான்? நினைத்துப் பார்க்கிறேன், பாதிதான் வருகிறது. எதற்கு என்று கேட்காதே. மனசு வந்தால் எழுது.

பிரீனாவுக்கு என் முத்தம்.

தம்பி
ஸ்டெனி


இராஜாக்கமங்கலம்
9 மார்ச் 2024

கொச்சு,

சுகம். உன் சுகத்துக்கு நாள்தோறும் ஜெபிக்கிறேன்.

உன் கடிதத்தைப் பத்து நாள் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். அவன் பெயரை எழுத்தில் பார்த்ததும் மடித்துவிட்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தானும் பிரீனாவும் ஆராதனைக்குப் போனபிறகு எடுத்தேன். எழுத உட்கார்ந்தால் எழுதிக்கொண்டே போகிறேன்.

படியில் நல்ல காலை முதலில் வைப்பான். பிறகு அந்தக் கால். பிறந்த நாளில் இருந்தே அதன் பாதம் உள்பக்கம் திரும்பியிருந்தது உனக்குத் தெரியும். மாவுக்கட்டு, பூட்ஸ் எல்லாம் போட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்தக் காலை அவன் தூக்கி வைக்கமாட்டான். கதவைச் சாத்துகிற மாதிரி வெளியே சுழற்றிக் கொண்டுவந்து வைப்பான். அப்போது அந்தப் பக்கத் தோள் இறங்கும். மற்றக் கை தானாக விரியும், மழையில் நனைந்த கோழி செட்டையை விரிக்கிற மாதிரி. கடைசிப் படியில் மட்டும் இரண்டு காலும் சேர்த்து ஒரே குதி. குதித்துவிட்டு யார் பார்த்தார்கள் என்று திரும்பிப் பார்ப்பான்.

நாங்கள் நாள் முழுக்கப் பின்னோக்கி நடக்கிறவர்கள். முன்னால் நடந்து வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து யார் எப்படி நடப்பார்கள் என்று எங்களுக்கு மனப்பாடம். அவன் பள்ளிக்கூடம் விட்டு ராட்டுப் பக்கம் வந்தால் எல்லோரும் கையை நிறுத்திவிட்டுப் பார்ப்போம்.

பிரீனா அவனைப் போல நடந்து கேலி செய்வாள். அவன் அழமாட்டான். "சரியா வரல்லட்டி, தோள இன்னும் கொஞ்சம் சாய்" என்று அவளுக்குத் திருத்திச் சொல்லிக்கொடுப்பான். அவள் தோற்றுப்போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஆராதனை முடிந்து வரும்போது இதையெல்லாம் நினைத்து நான் சிரித்துக்கொண்டிருந்தேன் போல. அத்தான் என்னத்துக்குச் சிரிக்கிறாய் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன்.

நேரத்துக்குத் தூங்கு.

அக்கா
ஸ்மைலின்


ஹைதராபாத்
14 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்கா,

சுகம். அங்கேயும் எல்லோரும் சுகமாக இருக்க விரும்புகிறேன். வெயில் அதிகம் என்று அத்தான் சொன்னார், தண்ணீர் நிறையக் குடி.

நீ எழுதியது எனக்குப் பெரிய உதவி. கோழிச் செட்டை எனக்குத் தோன்றியிருக்கவே இருக்காது.

மே மூன்றாம் தேதி பிரீனா பிறந்தநாளுக்கு எங்கள் படத்தில் இருந்து ஒரு சின்னத் துண்டை அத்தான் போனுக்கு அனுப்புகிறேன். வெளியே யாருக்கும் காட்டக்கூடாது. நீயும் பார். பார்த்துவிட்டு என்ன தோன்றுகிறது என்று எழுது.

தம்பி
ஸ்டெனி


இராஜாக்கமங்கலம்
7 மே 2024

ஸ்டெனிக்கு,

இங்கே சுகம். நீயும் சுகமாக இரு.

பிறந்தநாளன்று காலையில் பிரீனா போனை வாங்கிப் பார்த்தாள். பிறகு போனை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டுத் துணி துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்துகொண்டாள். அத்தான் எடுத்துப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நான் வாங்கினேன். காதில் வைக்கத்தான் எனக்குப் பயம், கண்ணால் பார்க்கலாம்.

தூக்குப்பாத்திரத் தலை வைத்த ஒரு தகரப் பொம்மை படியில் இறங்கி வருகிறது. ஒரு காலைச் சுழற்றி வைக்கிறது. தோள் இறங்குகிறது. கை விரிகிறது. கடைசிப் படியில் குதித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறது.

கேட்டிருக்கலாம் இல்லையா? நான் மூன்று பக்கம் எழுதியது உனக்கு. ஒரு பொம்மைக்கு என்று தெரிந்திருந்தால் எழுதியிருப்பேனோ மாட்டேனோ, அதைச் சொல்வதற்காவது எனக்கு ஒரு இடம் கொடுத்திருக்கலாம்.

இன்னொன்று. அவனுக்கு இடது கால். நீ வலது காலைத் திருப்பி வைத்திருக்கிறாய். மாவுக்கட்டு மாற்ற வாரம் ஒருநாள் நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போவோம். அந்தக் காலில் யாரும் இடிக்காமல் கையில் ஏந்திக்கொண்டு வந்தவன் நீ. எந்தக் கால் என்று மறந்துபோயிற்றா?

அதை முதலில் கண்டவள் பிரீனாதான். கல்லில் இருந்தபடியே, "அம்மா, கால் மாறிருக்கு" என்றாள். எட்டு மாதத்தில் தம்பியைப் பற்றி அவள் வாயில் இருந்து வந்த முதல் பேச்சு அது.

ஸ்மைலின்


ஹைதராபாத்
29 மே 2024

அன்புள்ள அக்கா,

நான் சுகம் என்று எழுதவேண்டும், எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

கேட்காமல் செய்தது தப்பு. கேட்டால் நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்துதான் கேட்கவில்லை.

கால் மாறியது எப்படி என்று சொல்கிறேன். போன கிறிஸ்துமசுக்கு முந்தின கிறிஸ்துமசில் சர்ச் மைதானத்தில் நான் முன்னால் நடக்க, டிட்டு பின்னால் வர, இரண்டு பேரும் தெரிகிற மாதிரி முன்பக்கக் கேமராவில் ஒரு வீடியோ எடுத்தேன். பன்னிரண்டு செகண்டு. என் போனில் அந்தக் கேமரா கண்ணாடி மாதிரி, இடது பக்கத்தை வலது பக்கமாகப் பதிந்துவிடும். தொழிலே இதுதான், எனக்கு அது தெரியும். ஆனால் அவனைப் பார்த்த உடனே மற்ற எதையும் பார்க்கவில்லை. நீ எழுதியபிறகு மறுபடி போட்டேன். அவன் சட்டைப் பை வலது மார்பில் இருக்கிறது. ஒன்றரை வருஷமாக அதுகூட என் கண்ணில் படவில்லை. மாவுக்கட்டுக் காலை ஏந்தியவன் நான்தான் அக்கா. என் கைக்கு ஞாபகம் இருந்திருக்கும். நான் கையைக் கேட்கவில்லை, போனைக் கேட்டேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இங்கே செய்த காட்சியைப் பெரிய திரையில் போட்டு எல்லோரும் பார்ப்பார்கள். தப்பு என்று பட்ட இடத்தில் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். தூக்கன் காலில் பதினேழு வட்டம். "பாதம் தவறாகத் திரும்பியிருக்கிறது, நேராக்கவும்" என்று எழுதியிருக்கிறார்கள். நான் டிட்டுவைப் பற்றி அவர்களிடம் சொல்லவில்லை. தூக்கனுக்கு ஒரு தனி நடை வேண்டும் என்று மட்டும் வாதாடிப் பார்த்தேன்.

நீ வேண்டாம் என்றால் நானே நேராக்கிவிடுகிறேன். வேண்டும் என்றால் இடது காலுக்கு மாற்றி, டைரக்டர் ஆதிரா மேடத்திடம் உண்மையைச் சொல்லிக் கேட்கிறேன். ஜூலைக் கடைசியில் முடிவு எடுத்துவிடுவார்கள்.

தம்பி
ஸ்டெனி


ஹைதராபாத்
2 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஒரு மாதம் ஆகிவிட்டது, உன் கடிதம் இல்லை. அத்தானிடம் கேட்டேன். வேலைக்குப் போகிறாள், வருகிறாள் என்கிறார்.

கோபத்தில் எழுதினாலும் சரி, எழுது. ஒரு வரி போதும்.

ஸ்டெனி


இராஜாக்கமங்கலம்
12 ஜூலை 2024

கொச்சு மக்கா,

சுகமாகத்தான் இருக்கிறேன். மழைக்கு மூட்டு கொஞ்சம் பிடிக்கிறது, வேறொன்றும் இல்லை. உன் இரண்டு கடிதமும் வந்தது. கோபம் எப்போதோ போய்விட்டது.

நீ எழுதியதில் "நேராக்கிவிடுகிறேன்" என்று ஒரு வார்த்தை இருந்தது. அதற்குப் பிறகு பேனா எடுக்க முடியவில்லை.

யாரிடமும் சொல்லாததை உன்னிடம் எழுதுகிறேன். கட்டு எடுத்தபிறகு, நடக்கும்போது ஞாபகப்படுத்திக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் சொன்னார். நல்லதுக்குத்தான் சொன்னார். நானும் ஞாபகப்படுத்தினேன். காலையில் பல் தேய்க்கப் போகும்போது, பள்ளிக்கூடம் போகும்போது, சாப்பிட வரும்போது, "கால நேரா வை மக்கா". ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. அந்தக் காய்ச்சல் நாளில் ஆட்டோ வாசலுக்கு வந்தது. தூக்கட்டுமா என்றேன். வேண்டாம், நடக்கிறேன் என்றான். படி இறங்கினான். அப்போதும் என் வாயில் அதுதான் வந்தது. "கால நேரா வை மக்கா." வைத்தான் கொச்சு. ஆட்டோ வரைக்கும் நேராக வைத்து நடந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். கடைசிப் படியில் குதிக்கவில்லை.

இன்னொரு தடவை அவன் காலை நேராக்கச் சொல்ல என்னால் ஆகாது. நேராக்காதே. இடது காலுக்கு மாற்று. உன் டைரக்டருக்கு ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பிழையைத் திருத்தாமல் கொடு.

நீ சாப்பிடுகிறாயா?

அக்கா
ஸ்மைலின்


(உள்ளே வைத்த கடிதம்)

டைரக்டர் அம்மா அவர்களுக்கு,

ஸ்டெனியின் அக்கா ஸ்மைலின் எழுதுகிறேன். நீங்களும் குடும்பத்தாரும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

தூக்கன் நடப்பது என் மகன் ஜெரிஷ் நடந்த மாதிரி. வீட்டில் டிட்டு என்போம். எட்டு வயதில் இறந்துபோனான். என் தம்பி உங்களிடம் சொல்லாமல் செய்துவிட்டான். என்னிடமும் சொல்லவில்லை. அவனைக் கோபிக்கவேண்டாம்.

இரக்கப்பட்டு வையுங்கள் என்று கேட்கவில்லை. எனக்குத் தோன்றிய ஒரு நியாயத்தைச் சொல்கிறேன். உங்கள் கதையில் ஒரு பெண்பிள்ளை பழைய சாமானைப் பொறுக்கித் தூக்கனைச் செய்கிறாள். பழைய சாமான் கடையில் கால் ஜோடியாகக் கிடைக்காது. நான் ஒரு மேசைக்கு இரண்டு கால் தேடி மூன்று கடை ஏறினவள். ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று வளைவு, அப்படித்தான் கிடைக்கும். அவன் நேராக நடந்தால் அது கடையில் வாங்கின பொம்மை. அவள் செய்ததாக இருக்காது.

நான் கயிறு திரிக்கிறவள். பத்துப் பேர் ஒரே மாதிரிதான் திரிப்போம். ஆனாலும் கயிற்றைத் தொட்டுப் பார்த்தால் இது யார் நடந்த கயிறு என்று சொல்லிவிடுவோம். அதில் எதையும் தப்பு என்று கழித்துப் போடுவதில்லை.

கால் மட்டும் இடது கால். அதை மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு
ஸ்மைலின் எபிசன்


ஹைதராபாத்
5 ஆகஸ்ட் 2024

மதிப்புக்குரிய ஸ்மைலின் அக்காவுக்கு,

வணக்கம். ஆதிரா எழுதுகிறேன். உங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன், ஸ்டெனி சொன்னார்.

உங்கள் கடிதத்தைச் சிவப்பு வட்டம் போட்டவர்கள் எல்லோரையும் உட்கார வைத்து வாசித்தேன். அதில் ஐந்து வட்டம் நான் போட்டது. பழைய சாமான் கடையில் கால் ஜோடியாகக் கிடைக்காது என்பது, இரண்டு வருஷமாக இந்தக் கதையோடு இருக்கிற எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆனாலும் உங்களுக்கு இப்போதே வாக்குக் கொடுக்க முடியாது. ஸ்டெனியிடம் இருப்பது சமதரையில் பன்னிரண்டு செகண்டு. படி இறங்குவது உங்கள் எழுத்தைப் பார்த்துச் செய்தது, அதில் ஒரு வட்டம்கூட இல்லை. படத்தில் தூக்கன் ஓடுகிறான், மணலில் நடக்கிறான், அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறான். அதையெல்லாம் ஸ்டெனி ஊகித்துச் செய்திருக்கிறார். ஊகித்த இடங்களில்தான் அது பிழை போலத் தெரிகிறது.

அந்த நடையை நன்றாகத் தெரிந்த யாராவது இவற்றை நடந்து காட்டி வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா? செப்டம்பர் இருபதுக்குள் வரவேண்டும். வந்தால் முயன்று பார்க்கிறோம். உங்களுக்கு அது தாங்க முடியாததாக இருந்தால் செய்யவேண்டாம். அப்போது நேராக்கத்தான் வேண்டியிருக்கும். அதற்காக நீங்கள் உங்களைக் குறை சொல்லிக்கொள்ளக் கூடாது.

அன்புடன்
ஆதிரா


இராஜாக்கமங்கலம்
14 செப்டம்பர் 2024

கொச்சு மக்கா,

நாங்கள் சுகம். நீயும் ஆதிரா அம்மாவும் சுகமாக இருக்கிறீர்களா? பத்தாம் தேதி அவனுக்கு வருஷ ஜெபம் முடிந்தது. போதகர் வந்தார், சபையார் வந்தார்கள். எல்லோருக்கும் காப்பி கொடுத்தோம்.

அந்த அம்மாவின் கடிதத்தை அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். ஆட்டோ ஏறின விஷயத்தையும் சொன்னேன். அவர் வாசல் படியைப் பார்த்தார். பிறகு, "அந்தப் படியில நானும் நின்னேன்லா. நான் ஏன் அவனத் தூக்கல்ல?" என்றார். ஒரு வருஷம் ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொரு பாரத்தைத் தனித்தனியாகச் சுமந்திருக்கிறோம்.

போன சனிக்கிழமை முற்றத்தில் நான் நடந்து பார்த்தேன். கண்ணுக்குத் தெரிகிறது, காலுக்கு வரவில்லை. அத்தான் நடந்தார். கள்ளுக்கடையில் இருந்து வருகிற மாதிரி இருந்தது. பிரீனா கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் உள்ளே போய்விடுவாள் என்று பயம்.

"அவன் இப்பிடியில்லா நடப்பான்" என்று இறங்கி வந்தாள்.

நடந்தாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். இடது கால் சுழன்றது, தோள் இறங்கியது, எல்லாம் இருந்தது. அத்தான், கை இன்னும் விரியும் என்றார். அவள் இல்லை, அது ஓடும்போதுதான் என்றாள். நான் அத்தான் பக்கம் சேர்ந்தேன். அவள், "ஒங்க ரெண்டுபேருக்கும் ஒண்ணும் தெரியாது. அவன் எனக்கில்லா சொல்லித் தந்தான்" என்று கத்தினாள். கத்தினாள் கொச்சு. நான் அடுத்த வீட்டுக்குக் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் ஆராதனை முடிந்து மூன்று பேரும் கடற்கரைக்குப் போனோம். அத்தான் எடுத்தார். பின்பக்கக் கேமராதானா என்று நான் மூன்று தடவை எட்டிப் பார்த்தேன். மணலில் நடந்தாள், ஓடினாள், விழுந்தாள். எழுந்து, "இதும் அனுப்பு, அவனும் விழுவான்லா" என்றாள். வாய் நிறைய மணல். சிரிப்பு.

கை பிடித்து நடக்கிற காட்சிக்கு அந்தப் பெண்பிள்ளையாக என்னை நிற்கச் சொன்னாள். கையைப் பிடித்தேன். நடந்தோம். ஒவ்வொரு இடது அடிக்கும் என் கையில் ஒரு சின்ன இழுப்பு. அவனைக் கூட்டிக்கொண்டு நடக்கும்போது வருகிற அதே இழுப்பு. கண்ணில் பார்த்ததையெல்லாம் உனக்கு எழுதினேன், இந்த இழுப்பு எனக்கு மறந்தே போயிருந்தது. படகு கிடக்கிற இடம் வரைக்கும் போய்த் திரும்பினோம். போதும் என்று அத்தான் சொன்னார். இன்னொரு தடவை என்று நான் சொன்னேன்.

எல்லாம் அனுப்பியிருக்கிறார். பார்த்துச் செய். தூக்கன் கையைப் பிடிக்கிற பெண்பிள்ளையின் கையிலும் அந்த இழுப்பு இருக்கவேண்டும்.

உடம்பைக் கவனி. பிரீனா உனக்கு முத்தம் தரச் சொன்னாள்.

அக்கா
ஸ்மைலின்


ஹைதராபாத்
30 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

நான் நல்ல சுகம், இந்தத் தடவை உண்மையாகவே. நீங்கள் எல்லோரும் எப்படி?

நேற்றுப் பெரிய திரையில் போட்டார்கள். மணல், ஓட்டம், கை பிடித்து நடப்பது, எல்லாம் இடது காலில். நான் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தேன், உட்கார முடியவில்லை. அந்தப் பெண்பிள்ளையின் கை ஏன் அப்படி இழுபடுகிறது என்று ஆதிரா மேடம் கேட்டார். உன் கடிதத்தின் அந்தப் பத்தியை வாசித்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

ஒரு சிவப்பு வட்டமும் இல்லை அக்கா. அப்படியே இருக்கும்.

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, தூக்கனின் நடை என்று போட்டு, ஜெரிஷ், பிரீனா என்று இரண்டு பெயர் வரும். மே மாதம் வெளியாகும்.

தம்பி
ஸ்டெனி


இராஜாக்கமங்கலம்
19 மே 2025

கொச்சு மக்கா,

எல்லோரும் சுகம். உனக்கு லீவு எப்போது? வரும்போது முன்னாலேயே சொல், அயிலை மீன் வாங்கி வைக்கிறேன்.

படம் பார்த்துவிட்டோம். நாகர்கோவிலுக்குச் சனிக்கிழமை மத்தியான ஆட்டத்துக்குப் போனோம். லீலாபாய் அக்காவும் பேரப்பிள்ளைகளோடு வந்திருந்தாள். அத்தான் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார். நம் வீட்டுக்கு மட்டும் நாலு. ஏன் நாலு என்று நான் கேட்டேன். கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "கவுண்டர்ல எத்தன பேருன்னு கேட்டான். வாய் தானா சொல்லிட்டு" என்றார். திருப்பிக் கொடுக்கப் போனார். பிரீனா விடவில்லை.

படத்தைப் பற்றி நான் என்ன எழுத. தூக்கன் முதலில் எழுந்து நடக்கும்போது பிள்ளைகள் எல்லாம் சிரித்தன. பின்வரிசையில் ஒரு பொடிப்பயல், அது ஏன் அப்படி நடக்கிறது என்று கேட்டான். அவன் அம்மா, "அவன் அப்பிடித்தான் நடப்பான், பேசாமப் பாரு" என்றாள். அதோடு அந்தக் கேள்வி தீர்ந்துபோயிற்று. கொஞ்ச நேரத்தில் தூக்கன் மணலில் விழுந்தபோது அதே பயல், "ஏலே, எழும்பு" என்று கத்தினான். பெயர் வந்தபோது பிரீனா எழுந்து நின்று வாசித்தாள், வகுப்பில் பெயர் கூப்பிடுகிற கணக்கு வாத்தியார் மாதிரி. அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏசி காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

சண்டையைச் சொல்ல மறந்துவிட்டேன். நாலாவது சீட்டு எது என்பதில் சண்டை. பிரீனா தன் பக்கத்து சீட்டில் பையை வைத்து, இது அவனுக்கு என்றாள். நான், இருட்டில் அவனுக்குப் பயம், என் பக்கத்தில்தான் இருப்பான் என்றேன். அத்தான், முன்னால் இருக்கிற ஆள் தலை மறைத்தால் என் மடிக்குத்தான் வந்திருப்பான், சீட்டே வேண்டாம் என்றார். "ஒங்க மடியில இருக்க அவன் என்ன கைப்பிள்ளையா? பத்து வயசாச்சு" என்று பிரீனா மடக்கினாள். பஸ்ஸில் ஏறியும் ஓயவில்லை. லீலாபாய் அக்கா, எல்லோரும் கொஞ்சம் வாயை மூடுங்கள் என்று சொல்லிப் பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டாள். இன்றைக்குக் காலையிலும் தோசைக்கல் பக்கத்தில் வந்து பிரீனா திரும்ப ஆரம்பித்தாள். உன்னைக் கேட்டு எழுதச் சொன்னாள். உன்னைக் கேட்டால் நீ மருமகள் பக்கம்தான் பேசுவாய், அது எனக்குத் தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஆதிரா அம்மாவுக்கு என் அன்பைச் சொல். உன்னைக் கேட்பதை விட அவனையே கேட்டுவிடுகிறேன், இந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுகிறேன்.

டிட்டு மக்கா, நீ யாருக்கப் பக்கத்துல இருந்திருப்ப?